ஐந்தாம் எண்ணின் முதுகு

பாராட்டு விழாவில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.
இஸ்ரவேலின் முகத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.
பதினான்கு வருஷம் நான் பார்த்தது அவன் முதுகு.

கோல்கீப்பருக்கு வாய்ப்பது அவ்வளவுதான்.
வலது தோளில் முதலில் நனைகிற பனியன்,
வண்ணாரப்பேட்டையில் அச்சடித்து
மூன்றாவது துவையலில் வயிறு உரிந்துபோன ஐந்து,
கார்னர் வரும்போது பின்னால் நீண்டு
நான் இருக்கிறேனா என்று
காற்றைத் தடவிப் பார்க்கும் இடது கை.

மைதானம் என்று சொல்லிக்கொண்டோம்.
வியாசர்பாடியில் தண்டவாளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே
யாரும் இன்னும் கட்டடம் எழுப்பாத இடம் அது.
புல் என்றால் கொடிக்கம்பத்தருகே ஒரு கைப்பிடி,
மிச்சமெல்லாம் கரித்தூள், பாட்டில் சில்லு.
சறுக்கித் தடுத்தவன்
தொடையில் ஒரு வரைபடத்தோடு வீட்டுக்குப் போவான்.
இஸ்ரவேல் சறுக்கமாட்டான்.
"சறுக்குறவன் லேட்டா வந்தவன்டா."

லேட்டாக வந்ததேயில்லை அவன்.
பந்து எங்கே வரும் என்று
பந்துக்கே தெரியாத நேரத்தில்
அங்கே போய் நின்று
பெல்ட்டை இறுக்குபவன்போல் இடுப்பைத் தொட்டுக்கொள்வான்.
பத்தொன்பது வயதில் துறைமுக அணி எடுத்துக்கொண்டது.
பகலில் கன்டெய்னர் நம்பர் எழுதினான்,
மாலையில் ஆள் பிடித்தான்.
திருச்சூரிலிருந்து வந்த ஆறடி ஃபார்வர்டு ஒருவன்
ஆட்டம் முழுக்க மலையாளத்தில் திட்டிக்கொண்டே ஓடி
கடைசியில் தண்ணீர் கேட்டான்.
கொடுத்தான்.
பந்தைத்தான் கொடுக்கவில்லை.

என்னிடம் அவன் பேசியது ஒரே வார்த்தை.
உட்ரு.
வெளியே போகிற பந்து, தொடாதே என்று அர்த்தம்.
சில நாள் நடுவரிடம் சண்டைக்குப் போகாதே என்று அர்த்தம்.
என் அப்பா ஸ்டான்லியில் கிடந்த வாரம்
பெனால்டியை நான் கோட்டைவிட்டபோதும் அதே வார்த்தை.
அன்று என்ன அர்த்தமோ.

ரெஜிஸ்டரில் இருக்கிறது, முந்நூற்றுப் பதினொரு ஆட்டம்.
அடித்த கோல் என்ற கட்டத்தில் ஒன்று,
பக்கத்தில் சிவப்பு மையில் சின்னதாக: சொந்த வலை.
தடுத்ததை எழுத அதில் கட்டம் கிடையாது.

அந்த ஒன்றைப் பற்றித்தான்.
இறுதிப் போட்டி, மழை,
விளக்குக் கம்பத்தைச் சுற்றி ஈசல்.
எண்பத்தெட்டாவது நிமிஷம் இடப்பக்கமிருந்து ஒரு பந்து,
அவசரமில்லாமல், தபால்போல வந்தது.
"என்து!" என்று கத்தினேன்.
அவன் ஒதுங்கினான்.
என் கால் சேற்றைவிட்டுக் கிளம்பவில்லை.
நான் வரவில்லை என்று
கண்ணில்லாத அந்த முதுகுக்கு எப்படியோ தெரிந்து
கடைசி நொடியில் நீட்டிய முழங்காலின் ஓரத்தில் பட்டு
பந்து உள்ளே போனது.

மறுநாள் பேப்பரில் அவன் பெயரைக் கொட்டையெழுத்தில் போட்டார்கள்.
கேட்டாண்டை டீக்கடையில் வளைத்துக்கொண்டு கேட்டார்கள்.
"கால்ல பட்டுச்சு" என்றான்.
சீனி கம்மியா ஒரு டீ சொன்னான்.
நான் அங்கேதான் இருந்தேன்.
எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான்.

ஒன்பது வருஷம் ஆகிறது.
அந்த முழங்காலில் இப்போது கம்பி வைத்திருக்கிறார்கள்.
முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான்,
சந்தன மாலைக்கு மேலே ஒரு முகம்,
நினைத்ததைவிடச் சின்ன முகம்.
மேலுதட்டில் ஒரு தழும்பு.
எந்த ஆட்டத்தில் வாங்கினானோ, நான் பார்க்கவில்லை.

மைக் கீச்சென்றது.
கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கூட்ஸ் போய் முடியட்டும் என்று காத்திருந்தேன்.
அது முடிகிற மாதிரி இல்லை.
"அன்னிக்கு ஃபைனல்ல," என்று ஆரம்பித்தேன்,
"கத்துனது நான்தான், நான்தான் வர்ல..."

இடது கை எழுந்தது,
கார்னருக்கு எழுவதுபோல.
"உட்ரு."

கூட்டம் சிரித்தது.
பிரியாணி ஆறுகிறது,
அதைத்தான் சொல்கிறான் என்று.